ஐம்பத்து நான்கு காட்டிய கருவி

அம்மனை நம்பும் உங்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்ற மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. இங்கே மலேசியாவில், புக்கிட் பெலண்டோக் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டப் போன என் கணவரை இருவர் மோட்டார் சைக்கிளில் தாங்கி வந்து வாசலில் இறக்கினார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோய்க்குப் பத்து வருடமாக இன்சுலின் போடுகிறவர்.

பழைய சர்க்கரைக் கருவி அன்று பார்த்துக் கெட்டுப்போயிருந்தது. தமிழ்நாட்டில் பழனிக்குப் போன நாத்தனார் வாங்கி வந்த புதியதைப் பிரித்து விரலில் குத்தினேன். ஐம்பத்து நான்கு.

எங்களுக்குத் தெரிந்த நல்ல எண் ஐந்து, ஆறு. இது பத்து மடங்கு.

"இருவதுக்கே நான் ஆஸ்பத்திரில படுத்தேன். இது அம்பத்து நாலு! ஊசியப் போடு லா புள்ள, என்ன வேடிக்கை பாக்குற?" என்றாள் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா.

எங்கள் வீட்டில் மருந்து எதுவானாலும் முதலில் மாரியம்மன் படத்தடியில் வைத்து, விபூதி தொட்டு, பிறகுதான் உடம்புக்கு. ஊசியை வைத்தேன். ஆத்தா, எனக்கு ஒண்ணும் தெரியல, நீயே காட்டு. அவ்வளவுதான் வேண்டினேன்.

குனிந்த கண்ணுக்குக் கையிலிருந்த கருவியின் ஓரத்துச் சிற்றெழுத்து தெரிந்தது. பழையதில் 'லிட்டருக்கு மில்லிமோல்' என்றிருக்கும். இதில் 'நூறு மில்லிக்கு மில்லிகிராம்', இந்தியக் கணக்கு.

மோல். பள்ளியில் ஐந்தாம் படிவத்து வேதியியலில் நான் தோற்ற பாடம். எண்ணித் தீராத அணுக்களை எடை போட்டு எண்ணும் வழி. முப்பது வருடம் எங்கோ கிடந்த அது, மழைக்குப் பின் தெரியும் மலைபோல எழுந்து நின்றது.

நாள்காட்டித் தாளைக் கிழித்து எழுதினேன். குளுக்கோஸில் கார்பன் ஆறு, எடை எழுபத்திரண்டு. ஹைட்ரஜன் பன்னிரண்டு, எடையும் பன்னிரண்டு. ஆக்சிஜன் ஆறு, எடை தொண்ணூற்றாறு. மொத்தம் நூற்றெண்பது. நூறு மில்லியில் ஐம்பத்து நான்கு என்றால் லிட்டருக்கு ஐந்நூற்று நாற்பது. நூற்றெண்பதால் வகுத்தால் மூன்று மில்லிமோல்.

மூன்று! சர்க்கரை ஏறவில்லை, இறங்கியிருந்தது. அந்த ஊசி அவரை முடித்திருக்கும்.

"அக்கா, சீனித் தண்ணி! சீக்கிரம்!"

"பைத்தியமா உனக்கு?"

"கொண்டாங்கக்கா!"

அக்கா கொண்டு வந்ததை அவருக்குப் புகட்டினேன்; விழுங்கும் தெம்பு இருந்தது. கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. "என்னாடி இது, தித்திப்பா இருக்கு? பத்து வருசமா ஒளிச்சி வச்சிருந்தியா?" என்றார். லெட்சுமி அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சர்க்கரை இறங்கியதாகத்தான் கிளினிக்கில் டாக்டரும் சொன்னார். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, தோட்டத்து லாரி நேரத்துக்கு முந்தி வந்ததால் சாப்பிடாமல் ஓடியிருக்கிறார் மனிதர். இப்போது தட்டு காலியான பிறகே அவரை வாசலைத் தாண்ட விடுகிறேன்.

எதிலும் நிலைகொள்ளாதவள் நான். கோயிலில்கூட கால் நிற்காது. அன்றிலிருந்து ஒரு நிமிடம் நிற்கிறேன். நீங்களும் மருந்தை அவள் முன் வையுங்கள். அந்த நிமிடத்தில் அதில் உள்ள எழுத்தையும் படியுங்கள். அவள் எங்கிருந்து பேசுவாள் என்று நமக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளி, கடைத் தராசில் நூற்றெண்பது கிராம் குளுக்கோஸ் நிறுத்து, சரியாக ஒரு மோல், ஆத்தாவின் காலடியில் வைத்தேன்.

"ஆத்தாவுக்கும் இனிப்பு நீரா?" என்றார் என் கணவர், சாப்பிட்ட கையைத் துடைத்தபடி.