ஒத்திகை சுந்தரமூர்த்தி

"சிரிச்சிக்கினே சொல்லணும். மறுபடி. சாப்பாடு எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குது சார்" என்றது வரிசை.

"இன்னும் துன்னவே இல்லியே சார்" என்றாள் மூலையில் நின்ற ஒருத்தி. சுந்தரமூர்த்தி அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வரிசைக்கு மாற்றி, உயரமான ஒருத்திக்குப் பின்னால் நிறுத்தினார். ஆம்பூரை ஒட்டிய அந்தப் பெண்கள் மனநலக் காப்பகத்தில் மறுநாள் ஆய்வு. அடுப்படியில் உப்புமா ஆறிக்கொண்டிருந்தது. ஒத்திகை முடியாமல் தட்டு வராது என்று காப்பகம் நடத்தும் சௌந்தரம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

சுந்தரமூர்த்தி ஒரு ஷூ கம்பெனியில் ஆடிட் சமாளித்தே தலை நரைத்தவர். வெளிநாட்டு வியாபாரிகளின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வரும்போது, தொழிலாளிகள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதுதான் அவர் உத்தியோகம். ஓவர்டைம் கம்மி, கேன்டீன் சுத்தம், குறை ஒன்றுமில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது, அவர் கேட்ட கேள்விக்கு அங்கே யாரும் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. மனுஷன் தவித்துப் போனார். அப்போது கண்ணில் பட்டவைதான் இந்தக் காப்பகங்கள். மாற்றுத்திறனாளி இல்லம், மனநலக் காப்பகம், படுத்த படுக்கையான முதியவர்களுக்கான விடுதி என்று வேலூரைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அரசு உதவித்தொகை உண்டு, ஆகவே ஆய்வும் உண்டு. சட்டியில் இருந்த மீன் குளத்துக்குப் போனது போல ஆனார்.

விடிந்ததும் காப்பகம் நடத்துகிறவர்களின் வாட்ஸப்பில் அவர் குரல் வரும். முதலில் ஓர் இருமல். பிறகு, "தோஸ்த்துங்களா, ரூல் மாறிச்சு. யாரும் காபரா ஆவாதீங்க." அத்தனை பேரும் காபரா ஆவார்கள். அவர் போன் மத்தியானம் வரை ஓயாது. பாதி நாள் மாறியிருப்பது ரூல் அல்ல, விண்ணப்பம் அனுப்ப வேண்டிய முகவரிதான். அதை அவர் கடைசி வரியில்தான் சொல்வார்.

அரசாணை எத்தனை பக்கம் இருந்தாலும் 'ஆய்வு' என்ற சொல் வரும் இடத்தில்தான் அவர் கண் போய் நிற்கும். எதற்காக ஆய்வு என்று எழுதியிருப்பது அதற்கு முந்தின பக்கம். அந்தப் பக்கத்துக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, நெமிலிப் பக்கம் ஓர் இல்லத்தில் அவர் மேற்பார்வையில் கட்டினார்கள். சரிவு சரியாக அமைந்த ஒரே இடம் பின்பக்கம். அங்கே வாசல் இல்லை, சுவர்தான் இருக்கிறது. "ஸ்லோப் கரெக்டா வந்திச்சா இல்லியா, அத்த சொல்லு" என்று கேட்டார். கரெக்டாகத்தான் வந்திருந்தது. இப்போது அதில் மல்லாட்டைக் கடலை காயவைக்கிறார்கள்.

பிளாஸ்டிக் உறை கிழிக்காத ஒரு சக்கர நாற்காலி, சிவப்புத் தீயணைப்பு உருளை ஒன்று, நாலு குரோட்டன்ஸ் தொட்டி. இவை ஆபித் பாஷாவின் மினி வேனில் அதிகாரிக்கு முன்னால் இல்லம் இல்லமாகப் போய் இறங்கும். அதிகாரி கிளம்பினதும் மறுபடி ஏறும். ஒருமுறை அதிகாரியின் ஜீப்பும் வேனும் ரயில்வே கேட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டன. குரோட்டன்ஸை அதிகாரி அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பதைச் சுந்தரமூர்த்தி இன்றும் பெருமையாகச் சொல்வார். இல்லங்களில் இருப்பவர்கள் அவர் வாயில் 'ஹெட்'. "உங்க கிட்ட எத்தினி ஹெட்?" என்றுதான் விசாரிப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் இல்லையென்றால் உண்மையாகவே பாடுபடுகிற இரண்டு மூன்று இல்லங்கள்கூடக் காகிதப் பிழைக்காக மூடியிருக்கும். அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு. மற்றதும் உண்டு.

மற்றதற்குப் பெயர் கங்கம்மாள். அணைக்கட்டுப் பக்கத்துப் பெண்பிள்ளை, நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் செத்த துக்கத்தில் புத்தி பேதலித்து இங்கே வந்தாள். தெளிந்து இரண்டு வருஷமாகிறது. மாத்திரையைத் தானே நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாள், எல்லாருக்கும் சமைக்கிறாள், எல்லாருக்கும் தலை வாரிவிடுகிறாள். பொங்கலுக்குத் தங்கை புடவையோடு வந்து, அக்காவைக் கூட்டிப்போகிறேன் என்று நின்றாள். "டாக்டர் இன்னும் பாக்கணும்" என்று சௌந்தரம் திருப்பியனுப்பிவிட்டார். டாக்டர் கங்கம்மாளைப் பார்த்து, போகலாம் என்று சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. ஓர் ஆள் குறைந்தால் உதவித்தொகை கீழ்ப்படிக்கு இறங்கிவிடும், சமையலுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும். காரணம் அவ்வளவுதான். படிக்கிற நமக்கு வயிறு எரிகிறது, சௌந்தரத்துக்கு எரியவில்லை.

இந்த முறை வந்த உத்தரவில், குணமானவர்களைக் குடும்பத்தோடு சேர்க்க வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. சௌந்தரம் கொஞ்சம் ஆடித்தான் போனார்.

"சார், கங்கம்மாவ அனுப்பிடணுமா?"

"அது குணமானவங்களுக்கு மேடம். குணம்னு யார் சொல்லணும்? நாம சொல்லணும். நாம சொன்னமா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குப் பேஜாரு?"

அன்று கங்கம்மாளே டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டாள். "சார், நான் எப்ப வூட்டுக்குப் போவறது?"

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்மா" என்றார். போன ஆய்வின்போதும் அதையேதான் சொன்னார். டீ நன்றாக இருந்ததால் இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒத்திகையில் அவருக்கு மிகவும் பிடித்த பாடம் கடைசியில் வரும். ஷூ கம்பெனியில் ஆடிட்டர் எதைக் கேட்காவிட்டாலும், தீப்பிடித்தால் எந்த வழியாகப் போவாய் என்று கட்டாயம் கேட்பார். அதனால் இங்கேயும் அதை விடவில்லை. கேட்டதும் கையை முழங்கை மடங்காமல் வாசலை நோக்கி நீட்ட வேண்டும். ஒருத்தி நீட்டினால் வரிசை முழுக்க நீட்ட வேண்டும். சரியாக வந்துவிட்டால் அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். வாய்விட்டுப் பாராட்டினால் ஆடிட்டர் காதில் விழும் என்று, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று விரலால் பாராட்டிப் பழகியவர். அன்று பதினோரு மணி வரை விடவில்லை. உப்புமா கட்டியாகிப் போனது.

மறுநாள் வந்த அதிகாரி புதியவர், அதிகம் பேசாத பெண். பிரியாணி வரவழைக்கவா, கத்திரிக்காய் தொக்கும் தனியாக உண்டு என்று சுந்தரமூர்த்தி கேட்டதற்கு, வேண்டாம், டிபன் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். குரோட்டன்ஸைப் பார்த்தார். சக்கர நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைத் தடவிப் பார்த்தார். வரிசைக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டார். சாப்பாடு நல்லா இருக்குது சார், தூக்கம் வருது சார், குறை இல்ல சார். 'மேடம்' என்று மாற்றிக் கற்றுத்தர மறந்ததைத் தவிர எல்லாம் பிசகில்லாமல் நடந்தது. அதிகாரியின் பின்னால் நின்ற சுந்தரமூர்த்தியின் உதடுகள் ஒவ்வொரு பதிலோடும் அசைந்துகொண்டிருந்தன.

கங்கம்மாளின் முறை வந்தபோது அதிகாரி பேனாவை மூடினார்.

"நீங்க எங்கம்மா இருக்கணும்னு நினைக்கிறீங்க?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. சுந்தரமூர்த்தியின் உதடுகள் 'இங்கயே' என்று இரண்டு தடவை அசைந்தன. கங்கம்மாள் அவற்றை நன்றாகப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"அணைக்கட்டுல. என் தங்கச்சி வூட்ல. எனக்கு நல்லாயி ரெண்டு வருசம் ஆவுது. எப்ப கேட்டாலும் இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்ன்றாங்க" என்றாள். சொல்லிவிட்டு, முழங்கை மடங்காமல், வாசலை நோக்கிக் கையை நீட்டினாள்.

அவள் நீட்டியதும் வரிசை முழுக்க நீட்டியது. இரண்டாம் வரிசையிலிருந்து, முந்தின நாள் 'இன்னும் துன்னவே இல்லியே' என்றவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"இந்தம்மா தங்கச்சி நம்பர் குடுங்க. நானே பேசறேன்" என்று அதிகாரி சௌந்தரத்திடம் சொன்னார். சொல்லிவிட்டு, நீட்டியபடியே நின்ற மற்றக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சுந்தரமூர்த்தியின் பக்கம் திரும்பினார்.

ஒரு கைகூட வளையவில்லை, ஒருத்திகூடப் பிந்தவில்லை. இத்தனை வருஷ ஆடிட்டில் இப்படி ஒரு வரிசை அவருக்கு வாய்த்ததே கிடையாது. அவர் கட்டைவிரல், பழக்க தோஷத்தில், ஏற்கெனவே மேலே போயிருந்தது. அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தார், அது இறங்கவில்லை.