தங்கச்சியின் வோட்டு

கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் என் கணவர் அமெரிக்கப் பழமைவாதிகளின் வானொலி விமர்சனங்களை விடாமல் கேட்பார். நியூஜெர்சியில் இருக்கும் அவருடைய தங்கச்சிக்கு அங்கே வோட்டு உண்டு. அதனால் தேர்தல் நெருங்கிய பின்னேரங்களில் அவளுக்குப் போன் எடுப்பார்.

“ஜனாதிபதியை விடு, உப ஜனாதிபதியா ஆர் நிக்கினம் எண்டு பார். ஏதும் நடந்தால் அந்த ஆள்தான் நாட்டை நடத்தோணும். வரியைக் கூட்டாத ஆளாப் பார்த்துப் போடு” என்பார்.

“ஓம் அண்ணை” என்பாள் அவள்.

தேர்தலன்று அவளே எடுத்தாள்.

“ஆருக்குப் போட்டனி?” என்று ஆவலாகக் கேட்டார்.

“அதை மட்டும் கேக்காதேங்கோ அண்ணை. நீங்கள் சொன்னதெல்லாம் கேட்டனான். பேந்து நானே யோசிச்சு வோட்டைப் போட்டன்.”

அவர் முகம் வாடிவிட்டது. “அங்க குளிர் தொடங்கீட்டுதோ?” என்றார். பிறகு இருவரும் பிள்ளைகளைப் பற்றி நெடுநேரம் கதைத்தார்கள். அவர்கள் அப்படிக் கதைத்து வெகுநாளாகியிருந்தது.