கல்கத்தாவுக்குப் பந்து பார்க்கப் போனது

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அட்டைக் குழல் கிடக்கிறது. ஒரு முழ நீளம். மேல் முனையில் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து ஒட்டியிருக்கும், கீழ் முனையில் இன்னொன்று. கீழே கண்ணை வைத்தால் நமக்கு முன்னால் நிற்கிறவன் தலைக்கு மேலே நடப்பதெல்லாம் தெரியும். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அதைப் பட்டாளத்துச் சாமான் என்பார்கள். பக்கத்தில் ஆவடி இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. அது கல்கத்தாவில் பந்தாட்டம் பார்க்க வாங்கியது. யுத்தம் வருவதற்கு முந்தைய ஒரு மழைக்காலத்தில், கல்யாணமாகி வருஷம் திரும்பாத நான் எங்கள் வீட்டுக்காரரோடு அந்த ஊருக்குப் போய்வந்தேன். பந்து பார்க்கக் கொரட்டூரிலிருந்து அவ்வளவு தூரம் போன பெண்பிள்ளை அப்போது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஏமாந்துதான் போனேன்.

எங்கள் வீட்டுக்காரர் ரயில் பெட்டி கட்டும் பட்டறையில் ஃபிட்டர். நிலம் நீச்சு உள்ள குடும்பம்தான். ஆனால் அவருக்குக் கலப்பையைவிடச் சுத்தியல் பிடித்துப்போயிற்று. சுத்தியலைவிடப் பந்து பிடித்துப்போயிற்று. ஆடத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்று திருமழிசையிலிருந்து என் அப்பா ஆள் வைத்து விசாரித்தார். வெற்றிலைகூடப் போடமாட்டார் என்று சேதி வந்தது. பந்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

கோடையில் கொரட்டூர் ஏரி வற்றினால் அதன் நடுவில்தான் ஆட்டம். இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டிருப்பார்கள். வலை கிடையாது, கோடு கிடையாது, ஆடுகிறவர் காலில் செருப்பும் கிடையாது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கோல் விழுந்ததும் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் உள்ளே ஓடி, அடித்தவனை ஆளுக்கொரு தரம் தொட்டுவிட்டு வருவார்கள். அதுவரை ஆட்டம் நிற்கும். விசில்காரர் ஓரமாகப் போய் பீடி குடிப்பார். தொடாமல் வந்தவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கரையில் சாணி பொறுக்குகிற சாக்கில் நின்று இதையெல்லாம் நான் பார்ப்பேன். ஒரு பந்துக்காக வளர்ந்த ஆண்கள் இப்படிச் சாமி வந்தவர்கள்போல ஆவது ஏன் என்று எனக்குப் பெரிய யோசனையாக இருக்கும். கேட்டால் அவர், “பாத்தாத்தான்மே தெரியும், சொன்னா தெரியாது” என்பார்.

அந்த வருஷம் பட்டறை டீம் கல்கத்தாவில் ஒரு போட்டிக்குப் போயிற்று. டீமுக்குப் பின்னாலேயே போக அவரும் கூட்டாளிகள் நாலைந்து பேரும் முடிவு செய்துவிட்டார்கள். ரயில் பாஸ் இருந்தது. அம்மாவிடம் சொல்லத்தான் வாய் இல்லை. கடைசியில் என்னைக் காட்டித் தப்பித்தார். “காளி கோயிலுக்குக் கூட்டிகினு போய் வேண்டிக்கினா கொழந்த பொறக்குமாம்” என்றார். என் மாமியார் அன்றைக்கே முறுக்கு சுட உட்கார்ந்துவிட்டார். நானும் நம்பினேன். வண்டியில் ஏறிய பிறகு கூட்டாளிகள் பேசிய பேச்சில் காளியைக் காணோம், பந்துதான் உருண்டது.

கோபித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன். ஊர் விடவில்லை. ரயிலை விட்டு இறங்கினால் கடல்போல ஆறு. அதன்மேல் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டிருந்தார்கள். கீழே தண்ணீர் ஏறி இறங்க, மேலே மாட்டுவண்டியும் மோட்டாரும் போயின. மணியடித்துக்கொண்டு டிராம் வந்தது. தெருத்தெருவாக வெள்ளை மாளிகைகள், சிங்கம் நிற்கும் வாசல்கள். இதுதான் முன்பு நாட்டுக்கே தலைநகரம், பிறகு டில்லிக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றார் அவர். “தலைநகரத்த எப்பிடிங்க எடுத்துகினு போவாங்க? கட்டடமெல்லாம் இங்கியே கீதே?” என்று கேட்டேன். “மாப்பிள்ள எழுந்து பூட்டான், பந்தல் மட்டும் கீதுன்னு வெச்சிக்கயேன்” என்றார். அதற்குப் பிறகு எந்த மாளிகையைப் பார்த்தாலும் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

காளி கோயிலுக்கும் போனோம். நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு திறந்தபோது அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை வந்தால் வெறுங்காலோடு ஆடுகிற நம் ஆட்கள் வழுக்குவார்கள், எதிராளிகளுக்குப் பூட்ஸ் இருக்கிறது, அந்தக் கவலை. என் வேண்டுதலோடு மழை வரக்கூடாது என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்துக்கொண்டேன்.

மைதானத்தில் எள் போட இடமில்லை. உள்ளே நுழைய முடியாத சனமெல்லாம் பக்கத்துக் கோட்டையின் மண்மேட்டில் ஏறி நின்றது; நாங்களும் ஏறினோம். அங்கேதான் அந்தக் குழலை வாங்கிக் கொடுத்தார். என்னைச் சுற்றி ஆண்கள்தான். அவரும் கூட்டாளிகளும் எனக்கு வேலி கட்டினாற்போல நின்றார்கள். கண்ணாடிக்குள் சின்னச் சின்னதாக ஆட்கள் ஓடினார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவனை அவன் ஓட்டத்தை வைத்தே கண்டுகொண்டேன். அவன் காலுக்குப் பந்து வந்ததும் நானும் நுனிக்காலில் எழும்பிவிட்டேன். அட, இதுதானா என்று அப்போது புரிந்தது. அவர் சொன்னது சரிதான், பார்த்தால்தான் தெரிகிறது.

அவன் அடித்தான். பந்து உள்ளே போய்விட்டது. கொரட்டூர் ஏரி என்று நினைத்துவிட்டார்கள் எங்கள் ஆட்கள். அடித்தவனைத் தொட வேண்டுமே! அவரும் கூட்டாளிகளும் ஒரே கத்தாகக் கத்திக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று தெரியாமலே பின்னால் இருந்த கூட்டமும் சரிந்தது. குதிரைமேல் இருந்த வெள்ளைக்கார சார்ஜெண்டுகள் தடியோடு இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஓடினவர்கள் சிதறினார்கள். சனத்தின் நடுவே என் கால் தரையில் இருந்ததா என்றே சொல்ல முடியாது. நின்று பார்த்தபோது டிராம் தண்டவாளத்து ஓரத்தில் இருந்தேன். கையில் குழல் மட்டும் இருந்தது. அவரைக் காணோம்.

மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் எனக்கு ஒரு சொல் தெரியாது. தங்கியிருந்த சத்திரத்தின் பெயரும் தெரியாது. எல்லாம் அவருக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். யார் யாரோ வந்து கேட்டார்கள், நான் அழுதேன். கடைசியில் யாரோ ஓடிப்போய் ஒரு மதராஸ்காரரை அழைத்து வந்தார்கள். ஏதோ ஆபீசில் வேலையாம், நம் பக்கத்து ஆள். “அழாதம்மா. ஊட்டுக்காரர் பேரு இன்னா சொல்லு, நான் கூட்டத்துல கூவிப் பாக்கறேன்” என்றார்.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். புருஷன் பெயரை நாங்கள் சொல்லமாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். ஜனக்கணக்கு எடுக்க வந்தவரிடம்கூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்வாள். இங்கே பக்கத்து வீட்டுக்கு எங்கே போவது? நான் தலையைக் குனிந்துகொண்டேன். மதராஸ்காரருக்குப் புரிந்துவிட்டது, அவர் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள் அல்லவா. “சரி, நான் சொல்லிகினே வரேன், வந்தா தலைய ஆட்டு” என்று ஆரம்பித்தார். முருகன் வந்தார், கோவிந்தன் வந்தார், ஏகாம்பரம், பெருமாள், முனுசாமி எல்லோரும் வந்தார்கள். அண்ணாமலைவரை போய் மூச்சு வாங்கினார். சுற்றி நின்ற வங்காளிகள் ஏதோ பூஜை நடக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அவருடைய அப்பா வழிக் குலசாமியின் பெயர். அந்தச் சாமியை எங்கள் சனத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மைதானத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. எதிராளிகள் கோல் போட்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடியும், அத்தனை சனமும் தெருவுக்கு வரும், பிறகு இந்தப் பட்டணத்தில் நான் அவரை எந்த ஜென்மத்தில் கண்டுபிடிப்பது? ஆயுசு குறைந்த புருஷனா, காணாமல் போன புருஷனா என்று நின்றேன். காளியம்மா, இது என் தலையோடு போகட்டும், அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சேற்றில் வழுக்கி வழுக்கி மேட்டில் ஏறினேன். அந்தப் பெயரைக் கூப்பிட்டேன்.

முதல் தடவை சத்தமே வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்புறம் வெட்கம் போய்விட்டது. திருமழிசையில் கழனியின் அந்தக் கோடியில் நிற்கும் ஆளைக் கூப்பிடுகிற குரல் எனக்கு உண்டு. அந்தக் குரலில் கத்தினேன். குடைகளின் நடுவிலிருந்து ஒரு தலை மெதுவாகத் தெரிந்தது. தலைப்பாகை போயிருந்தது, முழங்கால்வரை சேறு. ஆட்டத்தை விட்டுவிட்டு அவ்வளவு நேரமும் என்னைத்தான் தேடியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் மைதானத்தில் மறுபடி ஒரு சத்தம் எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பந்துக்கு முதுகு காட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மதராஸ்காரரைக் கும்பிட்டு அனுப்பினோம். பெயரைச் சொன்னதற்குத் திட்டுவார் என்று நான் பயந்துகொண்டே பின்னால் நடந்தேன். டீம் தோற்றது என்று சத்திரத்தில் கூட்டாளிகள் சொன்னபோதும் அவர் சேறான வேட்டியைக் கசக்கிக்கொண்டேதான் இருந்தார். ஊருக்குத் திரும்பும்போது, வண்டியில் மற்றவர்கள் தூங்கிய பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். “மொத தபா கூப்ட்டியே, அப்பவே கேட்டுச்சு.”

“அப்ப ஏன் வர்ல? என் உசுரே பூடுச்சே!” என்றேன்.

“நின்னுட்டேன். இன்னொரு தபா கூப்புடுவியான்னு பாத்தேன்.”

அந்த ஊரையே தூக்கி அவர் தலையில் போடலாம்போல எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அதற்குப் பிறகு அவர் பெயரை நான் சொன்னதில்லை. காளி எங்களுக்கு ஒரு மகனைக் கொடுத்தாள். ஆயுசும் குறையவில்லை, பேரப்பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் போனார்.

என் மருமகள் படித்தவள், உத்தியோகம் பார்க்கிறவள். என் மகனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். தெருவில் சிலர் வாயைப் பிளந்தார்கள், எனக்கு அது குறையாகப் படவில்லை. அவன் உள்ளறையில் இருப்பான். இவள் அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள். பதில் வராது. மறுபடியும் கூப்பிடுவாள், வராது. “இன்னா அத்தே, உங்க புள்ளைக்குக் காது மந்தமா?” என்று என்னிடம் முறையிடுவாள். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். அப்பாவைக் கொண்டு பிறந்தவன் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.