கெண்டித் தீவுக்குக் கொண்டுபோன புதுக் கேமரா

பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. சர்க்கிட் பலகைகளை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, ஈயப் பற்றுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலுக்கடியிலும் நான் நகத்தளவு உயிர்களையே தேடிப் போனதற்கு இந்த வேலைதான் காரணம் என்று அக்கா சொல்வாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். செபராங் ஜெயாவில் பல் கிளினிக் ஒன்றில் தாதி. எங்கள் வீட்டில் முதலில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டது அவள்தான், விவாகரத்து ஆன வருடத்தில். “வீட்டுல உக்காந்தா ஆளாளுக்குக் கேள்வி கேக்குறாங்க. தண்ணிக்குள்ள ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது லா” என்றாள். மறுவருடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தண்ணீருக்குள் இருந்தாலே போதும். எனக்குப் போதவில்லை. பார்த்ததை எப்படியாவது மேலே கொண்டுவந்துவிட வேண்டும்.

பெர்ஹெந்தியான் தீவுக்குப் போனபோது ஒரு கேமரா வாங்கிக்கொண்டேன். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஃபிலிமோடு வருவது, எடுத்து முடித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். திரும்பி வந்து கேம்பல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் படம் கழுவக் கொடுத்தேன். கடைக்காரர் படங்களை நீட்டும்போதே முகத்தில் ஒரு சங்கடம்.

“எல்லாமே நீலமா இருக்கே தங்கச்சி. என்ன எடுத்தீங்க?”

“ஆமை அண்ணே.”

“எங்க?”

எனக்கும் காட்டத் தெரியவில்லை. கீழே போகப்போகத் தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், வெளிச்சத்தை நாம்தான் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அப்போது தெரியாது.

அடுத்தது சின்ன டிஜிட்டல் கேமரா, கண்ணாடி மாதிரித் தெரியும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது. பெட்டியின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பாயார் தீவில் ஒருநாள் அந்த வளையத்தில் என் தலைமுடி ஒன்று படிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பெட்டிக்குள் குமிழி ஓடியது. மேலே வந்து திறந்தபோது கேமராவிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. ஈயப் பற்றில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். அக்கா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு பெரிய கேமரா வந்தது. அதற்கு அலுமினிய உறை, இரண்டு பக்கமும் மடங்கும் கைகள், கைகளின் நுனியில் ஃபிளாஷ். நண்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது போலிருக்கும். விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் பையைத் திறந்து விளக்கம் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் லென்ஸ் மாற்ற முடியாது என்பது இன்னொரு வதை. சின்ன உயிர்களுக்கான லென்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கிய அன்று தலைக்கு மேல் ஒரு பெரிய திருக்கை மெல்லப் போகும். அகன்ற லென்ஸைப் போட்ட அன்று அரிசி அளவு இறால் கண்ணெதிரே வந்து நிற்கும். எதை எடுத்தாலும் எடுக்காததன் நினைப்புதான். மதியச் சாப்பாட்டு இடைவேளையில், தொழிற்சாலை கேன்டீனில் நாசி லெமாக் சோற்றை ஆறவிட்டு, அடுத்த கேமராவைப் பற்றிப் போனில் படித்துக்கொண்டிருப்பேன். புதியது கைக்கு வந்த அன்றே அதில் இல்லாதது என்ன என்று தெரிந்துவிடும்.

இப்படித்தான் ‘மிரர்லெஸ்’ என்கிற, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புது மாடலுக்கு மாறினேன். அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்திலேயே ஒரு குட்டித் திரை உண்டு. வெளியே மங்கலாக இருந்தாலும் திரையில் பளிச்சென்று தெரியும். உறைக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், தண்ணீர் புக வழியில்லை என்று ஒரு பச்சை விளக்கு மினுக்கும். இனி எதைப் பற்றியும் கவலையில்லை என்று நினைத்தேன்.

அதை முதலில் கொண்டுபோனது கெண்டித் தீவுக்கு. பினாங்குக்குத் தெற்கே, பத்து மாவுங் கடற்கரையிலிருந்து படகில் போகிற தூரம்தான். தண்ணீர் கலங்கல். கையை நீட்டினால் விரல் தெரியும், அதற்கு மேல் பச்சைப் புகை. ஆனால் பாறைகளில் ஓடில்லாத கடல் நத்தைகள் ஏராளம், ஊதாவும் மஞ்சளுமாக. என்னோடு அக்காவும், படகில் வழிகாட்டியாக ஒரு மலாய்க்காரரும். நாங்கள் அவரைப் பாங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

மேலே ஏறப்போகிற நேரத்தில் நல்ல நத்தை ஒன்று கிடைத்தது. வீடியோவைப் போட்டேன். கேமரா விளக்கின் வெளிச்சத்தில் திரைக்குள் எல்லாம் பிரகாசமாக இருந்தது. நத்தை தன் முதுகுச் செவுள்களை விரித்துக்கொண்டு பாறை விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது காற்று டேங்கில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. டங், டங், டங். தண்ணீருக்குள் அப்படித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். அக்கா எதையோ கண்டுபிடித்துவிட்டாள், காட்டக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி, இரு என்று காட்டினேன். மறுபடி தட்டினாள். நத்தை விளிம்பைத் தாண்டட்டும், வருகிறேன் என்று இருந்தேன்.

நத்தை தாண்டியது. கண்ணைத் திரையிலிருந்து எடுத்தேன். சுற்றிலும் இருட்டாக இருந்தது. அக்கா இல்லை. சத்தம் வந்த பக்கம் நீந்தினேன். சத்தம் இப்போது ஒழுங்கில்லாமல், விட்டு விட்டு வந்தது. நாலைந்து உதைப்புக்குள் அவள்மேல் போய் மோதினேன்.

எவரோ விட்டுப்போன நைலான் மீன்வலை பாறையில் சுற்றிக் கிடந்தது. அது அவள் பிடரிக்குப் பின்னால் டேங்கின் வால்வில் மாட்டியிருந்தது. கைக்கு எட்டாத இடம். கால் துடுப்பு ஒன்றும் மாட்டியிருந்தது. முகமூடிக்குள் அவள் கண்கள் பெரிதாக இருந்தன. என் இரண்டு கைகளிலும் கேமரா. அதை என் உடுப்போடு பிணைத்திருந்த சங்கிலியைக் கழற்ற விரல்கள் தடுமாறின. எப்படியோ கழற்றி மணலில் போட்டுவிட்டு, கத்தியை உருவி வலையை அறுத்தேன். வண்டல் கிளம்பி ஒன்றும் தெரியவில்லை, தடவித் தடவித்தான் அறுத்தேன். அவள் காற்றளவு மானியைப் பார்த்தேன். முள் சிவப்புக்குள் நன்றாக இறங்கியிருந்தது. என்னுடைய இரண்டாவது வாய்க்குழாயை அவள் வாயில் திணித்து, கையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன்.

படகில் ஏறியதும் அக்கா இருமினாள். பாங் தண்ணீர் கொடுத்தார். நான் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது கடலைத்தான். படகின் மிதவைக் கயிற்றிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை தூரம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

“கேமரா கீழயா?”

“ம்.”

“சொல்லு லா பாங்கிட்ட. நீரோட்டம் வந்துரும்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாங் இறங்கிப் போய்க் கேமராவை எடுத்து வந்தார். உறையில் பச்சை விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருக்க, நான் ஹாலில் மடிக்கணினியைத் திறந்து வீடியோவைப் போட்டேன். நத்தை அழகாக வந்திருந்தது. பிறகு சத்தம் வந்தது. டங், டங், டங். உறைக்குள் இருந்த மைக் எல்லாவற்றையும் பிடித்திருந்தது. நிறுத்துவதற்குள் அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

“அது நானா?”

“ஆமாக்கா.”

“போடு. முழுசா போடு.”

போட்டேன். முன்னால் என் மூச்சு, சீராக, குமிழி குமிழியாக. பின்னால் அவள் தட்டுவது. முதலில் மூன்று மூன்றாக, பிறகு வேகமாக, பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் நத்தை கொம்பை அசைத்தது. மறுபடி தட்டல். அக்கா கீழே ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நாலு நிமிசம்” என்றாள். “எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்துச்சு.”

“நீ எதையோ காட்டக் கூப்புடுறேன்னு நெனச்சேன்க்கா.”

“தெரியும். கையக் காட்டுனியே. ‘இரு’ன்னு. ஒன் லைட்டு வெளிச்சத்துல எனக்குத் தெரிஞ்சுச்சு.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தேநீர் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

கேமரா, உறை, விளக்கு எல்லாவற்றையும் ஈப்போவிலிருந்து வந்த ஒருவருக்கு விற்றேன். சில மாதம் வெறுங்கையோடு இறங்கினேன். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நல்ல காட்சி வந்தால் விரல் தானாக மடங்கும், அங்கே அழுத்த எதுவும் இருக்காது. அக்கா முக்குளிப்பதை நிறுத்தவில்லை. கெண்டித் தீவுக்கே திரும்பவும் போகலாம் என்றவள் அவள்தான். நான் நிமிடத்துக்கு நான்கு முறை அவளைத் திரும்பிப் பார்ப்பதில் அவளுக்கு எரிச்சல்கூட வந்தது. “என்னைப் பாக்கவா வந்தே?” என்பாள்.

இப்போது என்னிடம் இருப்பது மணிக்கட்டில் தொங்கும் ஒரு சின்னக் கேமரா. கையை விட்டால் தானாகத் தொங்கும், கத்தியை எடுக்கலாம். படங்கள் சுமார்தான். கேன்டீனில் போனைத் திறந்தால் விரல் இன்னும் புது மாடல்களின் பக்கம்தான் போகிறது. அதை மறைக்கவில்லை.

போன மாதம் பாயார் தீவில் அக்கா அந்தச் சின்னக் கேமராவை என்னிடமிருந்து கேட்டு வாங்கினாள். எப்படி அழுத்த வேண்டும் என்று படகிலேயே சொல்லிக் கொடுத்தேன். கீழே அவள் எடுத்ததெல்லாம் குமிழிகளும் துடுப்புகளும், படத்துக்குள் பாதி மட்டுமே வந்த மீன்களும். ஒரு படம் மட்டும் தெளிவாக இருந்தது. அதில் நான் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் தண்ணீருக்குள் என்னை யாரும் எடுத்ததே இல்லை. கழுத்தைத் திருப்பி, ஒரு கை முன்னால் நீட்டி, கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, எதையோ தேடுகிறேன். என்னவென்று எனக்கே ஞாபகமில்லை.

படகில் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா அதைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“பாரு, ஒரு எடத்துல நிக்குறியா நீ? பதினேழு படம் எடுத்தேன், இது ஒன்னுதான் ஆடாம வந்துச்சு.”

“அனுப்புக்கா எனக்கு.”

“அனுப்புறேன் லா. மொதல்ல சாப்புடு” என்று பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.