சூடு போகும் இடம்

பர்வின் போனில் அதைக் கேட்ட அன்று அஹமது கபீர் சவூதியில், தம்மாமில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏசி யூனிட் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுறீங்க. மீனுக்கு மாட்டுற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

"மீனுக்கு ஏசியா?" கபீர் சிரித்தார். பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றவனிடமும் சொல்லிச் சிரித்தார்.

"சிரிங்க. இன்னிக்கு ரெண்டு போயிடுச்சு. தண்ணியில கைய வெச்சா வெந்நி மாதிரி இருக்கு."

"அடுத்த லீவுல வர்றப்ப பாப்போம்" என்றார் கபீர்.

ஒரே மகள் ஹுமைரா கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகு, அய்யம்பேட்டை வீட்டில் பர்வின் தனியாகத்தான் இருந்தாள். பேச்சுத் துணைக்கு என்று ஒரு கண்ணாடித் தொட்டியும் தங்கமீன்களும் வாங்கினாள். தங்கமீன் குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சித்திரை அதற்கு ஆகாது. தண்ணீர் சூடேறினால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பர்வின் பாட்டிலில் தண்ணீர் உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிடுவாள். ஐஸ் கரையும்வரை மீன்கள் கொஞ்சம் தேறும். பிறகு பழையபடி ஆகிவிடும். திடீர்க் குளிரும் திடீர்ச் சூடும் மாறி மாறிப் பட்டே சில செத்தன. வெள்ளை உடம்பும் சிவந்த தலையுமாக ஒன்று மட்டும் எல்லாக் கோடையையும் தாண்டி வந்தது. அதற்குத் தொப்பிக்காரர் என்று பேர் வைத்திருந்தாள்.

அவளும் அந்தக் கோடைகளை அதே வெக்கையில்தான் கழித்தாள். மாடி ஏற்கும் வெயில் முழுவதும் படுக்கையறைக்குள் இறங்கும். வீட்டுக்கு ஒரு ஏசி மாட்ட வேண்டும் என்று கபீர் ஒவ்வொரு லீவிலும் நினைப்பார். ஒவ்வொரு லீவிலும் வேறு வேலை வந்துவிடும்.

கடைசியில் அவர் ஊர் திரும்பியது லீவில் அல்ல. பர்வின் சமையல்கட்டில் விழுந்து கிடந்தாள் என்று ஹுமைரா அழுதுகொண்டே போன் செய்தாள். பக்கவாதம். வலது பக்கம் முழுதாக விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கபீர் வந்த வாரமே படுக்கையறையில் ஏசியைத் தன் கையாலேயே மாட்டினார். ஆனால் பர்வினுக்கு நெஞ்சில் அடிக்கடி சளி கட்டியது. அந்தக் குளிர்காற்று வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏசி மாட்டியது மாட்டியபடியே இருந்தது.

பர்வினைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தங்கம்மாள் வந்தார். வயல்வேலை இல்லாத மாதங்கள் என்பதால் ஒத்துக்கொண்டவர். ஒரு நாள் பர்வினுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்து சொன்னார்.

"பாய், அம்மா வாசப்பக்கமே பாத்துக்கிட்டுக் கெடக்காங்க. கூடத்துல இருக்குற மீன் தொட்டியத்தான் தேடுறாங்களோ என்னமோ."

அன்றைக்கே தொட்டியைப் படுக்கைக்கு நேர் எதிரே மாற்றினார்கள். பர்வினின் கண்கள் தொப்பிக்காரர் போகும் திசையெல்லாம் போயின. விழுந்ததிலிருந்து அவள் எதையும் அப்படிப் பார்த்துக் கபீர் கண்டதில்லை. அவர் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார்.

பங்குனி முடியும்போது தொட்டித் தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரியைத் தொட்டது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. பர்வினின் இடது கை விரிப்பைப் பிராண்டியது. கபீர் கும்பகோணத்துக்கு பஸ் ஏறினார்.

அங்கே மீன்கடை வைத்திருந்த மீரா உசேன், தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் என்று முதலில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். "சத்தமே இருக்காது பாய். இடமும் அடைக்காது."

கபீர் அதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கம்பிரசர் இல்லை. "இது கிண்ணத்துத் தண்ணிக்குத்தான் ஆகும். நம்ம வெயிலுக்கு ரெண்டு டிகிரி இறக்குறதுக்குள்ள மூச்சு வாங்கிடும். கம்பிரசர் வெச்சது இருக்கா?"

"இருக்கு. உங்க தொட்டி நூத்தம்பது லிட்டர்தானே? இதுவே போதும்னு அட்டையில போட்டிருக்கு."

"அட்டையில போட்டவன் நம்ம சித்திரையப் பாத்திருக்க மாட்டான். ஒரு சைஸ் பெருசாவே குடுங்க. அதுக்குத் தோதா பம்பும் குடுங்க. தண்ணி ரொம்ப வேகமாப் போனாலும் குளிராது, மெதுவாப் போனாலும் குளிராது."

மீரா உசேன் ஆச்சரியமாகப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுச் சூட்டை வெளியேற்றிய மனிதர் இப்போது தன் வீட்டு மீன்களுக்காக ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். கபீருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தச் சில்லர் மெஷினைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே, கட்டில் கால்மாட்டில் வைத்தார். தண்ணீரை ஒரேயடியாக இறக்காமல் நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக இறக்கி இருபத்துமூன்றில் நிறுத்தினார். மீன்கள் அடியில் இறங்கி நிதானமாக மேய ஆரம்பித்தன. தொட்டியில் ஒட்டிய தெர்மாமீட்டரைக் காலையும் மாலையும் குனிந்து பார்த்து, "இருபத்துமூணு பர்வின், அப்படியே நிக்குது" என்று சொல்வார். அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தெர்மாமீட்டர் தொட்டிக்கு இருந்தது. அறைக்கு இல்லை.

தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைச் சில்லர் எங்காவது கொட்டியாக வேண்டும். இதைக் கபீருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன மெஷின்தானே, ஜன்னல் திறந்திருக்கிறதே என்று அவர் விட்டுவிட்டார். ஆனால் மத்தியானத்தில் வெளியே அனல் அடித்தது. சாயங்காலம் கொசு வந்தது. ஜன்னலைத் தங்கம்மாள் பெரும்பாலும் சாத்தியே வைத்தார். மூடிய அறைக்குள் சில்லர் நாள் முழுக்கக் கட்டில் பக்கமாகச் சூட்டை ஊதிக்கொண்டிருந்தது.

ஒரு காலை, உடம்பு துடைக்கப் பர்வினைப் புரட்டிய தங்கம்மாள் குரல் கொடுத்தார்.

"பாய், இங்க வந்து பாருங்க."

முதுகு முழுவதும் வேர்க்குரு. இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் தோல் கன்றிப் பிளந்திருந்தது. விரிப்பு ஈரமாக இருந்தது.

"பொழுதுக்கும் வேத்துக்கிட்டே இருக்காங்க. வெயில் காலம், எல்லாருக்குந்தானேன்னு நெனச்சேன். இன்னிக்கு இந்தப் பொட்டிக்கிட்ட ஒக்காந்துதான் தொவைச்ச துணிய மடிச்சேன். அடுப்பு மாதிரில்ல அடிக்குது!"

கபீர் சில்லருக்குப் பின்னால் கையை நீட்டினார். உள்ளங்கையில் சூடு அடித்தது. தம்மாம் மாடிகளில் எத்தனையோ யூனிட்டுகளுக்குப் பின்னால் நின்று பழகிய அதே சூடு. அங்கே அவர் அதை வெளியே விட்டார். இங்கே தன் மனைவியின் மேல் விட்டிருந்தார். அவளால் 'சுடுதுங்க' என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்த காலத்தில் சொன்னபோது அவர் சிரித்தார்.

ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "பர்வின், நான் கவனிக்கலம்மா" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். சத்தம் நின்றுபோனது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது கை விரிப்பைப் பிராண்டத் தொடங்கியது.

டிரில் மெஷினைக் கடன் வாங்கி வந்து அன்று சாயங்காலத்துக்குள் சுவரைத் துளைத்தார். தூசி படாமல் பர்வினைக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். சில்லரைப் பின்பக்கம் நிழலில், தகரக் கூரை போட்டு வைத்தார். குழாய் நீண்டுபோனதால் பம்பையும் பெரிதாக மாற்ற வேண்டியிருந்தது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்தது. சூடு தென்னைகளுக்கு நடுவே போனது. கட்டிலைத் தொட்டிக்கு ஒட்டிப் போட்டு, பர்வினின் இடது கையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார் கபீர். கண்ணாடி சில்லென்றிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அன்று முதல் மத்தியானமெல்லாம் அந்தக் கை அங்கேயே இருந்தது. தொப்பிக்காரர் வந்து விரல்களுக்கு நேரே நிற்கும்.

வேர்க்குரு வற்றியது. புண் ஆறவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்து, தங்கம்மாள் ஊரில் குறுவை நடவு தொடங்கியது. அவர் நடவுக்குப் போகாமல் பர்வினோடேயே இருந்தார். ஆனியில் காய்ச்சல் வந்தது. நெஞ்சுச் சளியால் என்றார் டாக்டர், புண்ணாலும் இருக்கலாம் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை, கபீர் ஜும்ஆவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பர்வின் மௌத்தானாள்.

கபர்ஸ்தானிலிருந்து வந்த பிறகு ஹுமைராவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். "அந்தப் புண்ணு என்னாலதான் வந்துச்சும்மா."

"அத்தா, நீங்க அம்மாவுக்காகத்தானே வாங்குனீங்க?"

"ஆமா" என்றார் கபீர். அவள் தன்னோடு சென்னைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள். மீன் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்.

மற்ற மீன்களை மீரா உசேன் எடுத்துக்கொண்டார். தொப்பிக்காரர் மட்டும் இன்னும் ஒரு கோடையைக் குளிர்ந்த தண்ணீரில் கழித்து, வயதாகிச் செத்தது. கபீர் வேறு மீன் வாங்கவில்லை.

இப்போது சில்லர் வாங்க வருகிறவர்களை மீரா உசேன் அவரிடம் அனுப்புகிறார். எத்தனை லிட்டர், எந்த மீன் என்பதையெல்லாம் கபீர் பிறகுதான் கேட்பார்.

"எந்த ரூம்ல வைக்கப் போறீங்க? அந்த ரூம்ல யாரு இருக்காங்க?"

சிலர் சிரிப்பார்கள். போன மாதம் பாபநாசத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் சிரிக்கவில்லை. "எங்க அப்பா படுத்திருக்காரு சார்" என்றான்.

கபீர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "வாங்க, போய்ப் பாத்துடுவோம்" என்று அவனுக்கு முன்னால் படியிறங்கினார்.