மறுக்கலாம் என்று எழுதாத படிவம்

1. ஹெலினா

எண்பதுகளின் கடைசியில் தென் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். எதிக்ஸ் கமிட்டியின் கடதாசி வேலைகள் என் பொறுப்பு. நோயாளிகளை வைத்து ஆய்வு செய்ய விரும்பும் டொக்டர்மார் முதலில் அந்தக் கமிட்டியிடம் அனுமதி எடுக்க வேண்டும். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் சம்மதப் படிவங்களை மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

கமிட்டியில் டொக்டர் அல்லாத ஒரே ஆள் ஹெலினா. போலந்துக்காரி. ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். கூட்டத்துக்குக் கசகசா கேக் செய்து கொண்டுவருவார். அதை ருசித்துச் சாப்பிட்ட டொக்டரின் விண்ணப்பத்தையே பிறகு சிவப்புப் பென்சிலால் கீறித் தள்ளுவார். மாலினி என்ற என் பெயரை ‘மாலின்கா’ ஆக்கிவிட்டார். அவருடைய மொழியில் மாலினா என்பது ஒரு பழத்தின் பெயராம்.

2. என் மொழிபெயர்ப்பு

நீரிழிவுக்கு ஒரு புது மருந்தைப் பரிசோதிக்கும் ஆய்வுக்குக் கமிட்டியின் அனுமதி கிடைத்தது. வார்டில் இருந்த மூன்று தமிழர்கள் என் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மருந்து தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஹெலினா கேட்டார்:

“மூண்டு பேரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லையாம். மாலின்கா, நீர் எழுதினதைத் திருப்பி இங்கிலீஷில வாசியும்.”

வாசித்தேன். ‘தாங்கள் இந்த ஆய்வில் சேருமாறு வைத்தியர் பணிக்கிறார். கீழே ஒப்பமிடவும்.’

மூலத்தில், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை நான்தான் விட்டிருந்தேன். டொக்டருக்கு முடியாது என்று சொல்லலாம் என எழுதுவது மரியாதையில்லாமல் எனக்குப் பட்டது.

கூட்டம் முடிந்ததும் ஹெலினா கொரிடோர் வாங்கில் என்னைப் பக்கத்தில் இருத்தி, காலுறையை இறக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் பாதிச் சதை இல்லை.

“போர் நேரம் ஜெர்மன்காரரின்ரை முகாமில கைதியா இருந்தனான். இருபது வயது. காலை வெட்டி, அதுக்குள்ள கிருமியை வைச்சுத் தைச்சவை. மருந்து வேலை செய்யுதோ எண்டு பாக்க. என்னோட இருந்த சிலர் தப்பேல்லை. செய்தது பெரிய படிப்புப் படிச்ச டொக்டர்மார். ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை.”

போர் முடிந்து நியூரம்பேர்க் நகர நீதிமன்றத்தில் அந்த டொக்டர்மாரை விசாரித்த பிறகுதான், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அவரவர் சுயவிருப்பமான சம்மதம் வேண்டும் என்பது முதல் விதியாக எழுதப்பட்டது என்றார். கமிட்டி ஃபைலில் அந்த விதியை நான் பலமுறை ஃபோட்டோக்கொப்பி எடுத்திருக்கிறேன். அது யாருடைய காலிலிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நீர் கெட்ட எண்ணத்தில செய்யேல்லை,” என்று என் கையைப் பிடித்தார். “வாரும், போய்த் திருத்துவம்.”

3. கந்தையா அண்ணை

இருவரும் வார்டுக்குப் போனோம். முதல் கட்டிலில் கந்தையா அண்ணை. பக்கத்துக் கோலியர்ஸ் வுட் பகுதியில் மகளோடு இருந்தவர், நாட்டிலிருந்து வந்து ஒரு வருஷமும் ஆகவில்லை. என் பிழையைச் சொல்லி, விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம் என்றேன்.

“ஏலாது எண்டு சொல்லலாமோ, பிள்ளை?”

“ஓம் அண்ணை.”

“நான் மாட்டன் எண்டால் என்ரை விசாக் கேஸுக்கு ஏதும் எழுதிப்போடுவினம் எண்டெல்லோ பயந்தனான்.”

அவர் மாட்டேன் என்றார். இரண்டாவது ஆளும் மறுத்தார். ஆய்வு நடத்திய டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஹெலினா அவர் முன்னால் போய் நின்றார். புதுப் படிவம் எழுதி, எல்லாரிடமும் திரும்பக் கேட்க டொக்டர் சம்மதித்தார்.

திங்கள் காலை டொக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது கந்தையா அண்ணை தானே சொன்னார், “டொக்டர், நோ.” டொக்டர் தலையாட்டினார். நித்திரை வந்ததா என்று விசாரித்து, எப்போதும்போல நாடி பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

“இவ்வளவுதானோ?” என்றார் கந்தையா அண்ணை. முகம் முழுக்கச் சிரிப்பு.

மூன்றாவது ஆள் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். ஊசி எத்தனை, தலை சுற்றுமா, இடையில் நிறுத்தலாமா. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “சரி, நான் சேருறன்,” என்றார். ஆய்வு வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: கையெழுத்து மூன்று பேரிடமும் எடுத்தோம். சம்மதம் தந்தவர் அந்த ஒருவர்தான்.