பல் ஒடிந்த சீப்பு

அம்மாவுக்கு இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள் என்றுதான் அவள் கடைசிவரை கூப்பிட்டாள். பெரியவளுக்குப் பிறந்ததிலிருந்தே சுருட்டை முடி. சாதாரணச் சுருட்டை இல்லை. உள்ளே விட்ட விரல் வெளியே வர யோசிக்கும். சின்னவளுக்கோ வழவழவென்று நேரான முடி, எண்ணெய் தொடாமலே மினுங்கும். ஒரே வயிற்றில் இப்படி இரண்டு தினுசா என்று அக்கம்பக்கத்தில் ஆச்சரியப்படுவார்கள். ஆச்சரியப்படும்போது பெரியவளைப் பார்ப்பார்கள், பாராட்டும்போது சின்னவளைப் பார்ப்பார்கள்.

வீட்டில் இருந்தது ஒரே சீப்பு. நெருக்கமான பற்கள் வைத்த கறுப்புச் சீப்பு. அம்மா காலையில் வேலைக்கு ஓடுகிறவள். சின்னவளுக்கு நாலு இழுப்பில் பின்னல் முடிந்துவிடும். அப்புறம் "வாடி இங்க" என்று பெரியவளை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, காய்ந்த தலையில், உச்சியிலிருந்து சீப்பை இறக்குவாள். பாதியில் சிக்கும். சிக்கினால் இன்னும் பலமாக இழுப்பாள். முடி அறுகிற சத்தம் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்கும். எதிரில் உட்கார்ந்திருந்தது சின்னவள். பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, அக்காவின் தலை பின்னால் போய்ப் போய் வருவதைப் பார்த்துச் சிரிப்பாள். 'பரட்டை' என்று பேர் வைத்ததும் அவள்தான். ஒருநாள் சீப்பின் ஓரத்தில் இரண்டு பற்கள் ஒடிந்து பெரியவளின் தலைக்குள்ளேயே நின்றுவிட்டன. "உன் தலைக்குச் சருகு வாருற தோட்டத்து வாருகோல்தான் லாயக்கு" என்றாள் அம்மா. மூவரும் சிரித்தார்கள், பெரியவளும் உட்பட. அழுதால் நேரமாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மா பொல்லாதவள் இல்லை. தன் தலையைச் சீவத் தெரிந்தவள், பிள்ளை தலையையும் அதே மாதிரி சீவினாள். அவ்வளவுதான்.

பெரியவள் வளர்ந்து, திரைச்சீலை தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். நீள மேசை, வரிசையாகத் தையல் இயந்திரங்கள், எங்கு பார்த்தாலும் பஞ்சுத் தூசு. தூசு முடியில் புகுந்தால் வெளியேறாது என்பதால் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் தைப்பாள். பட்டறையில் ஒரு குண்டூசி காணாமல் போனால், "முதல்ல பெரியக்கா தலையில தேடுங்க" என்று மேற்பார்வையாளர் சொல்வார். ஒருதடவை உண்மையாகவே அங்கேதான் இருந்தது. அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான்.

கையில் சொந்தச் சம்பளம் வந்ததும் அவள் முதலில் வாங்கியது முடியை நேராக்கும் களிம்பு. நேராகத்தான் ஆனது. கொஞ்ச நாளில் பிடரிப் பக்கம் கொத்துக் கொத்தாக ஒடிந்தது. தலைத்துணியைப் பட்டறைக்கு வெளியேயும் அவிழ்க்காமல் நடமாடினாள். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு புட்டியாக வாங்கி, பாதிக்குப் பாதி தூக்கிப்போட்டு, தன் தலை எதற்கு இணங்கும், எதற்கு முரண்டு பிடிக்கும் என்று மெல்ல மெல்லக் கண்டுகொண்டாள். அந்தப் படிப்புக்கு வாத்தியாரும் இல்லை, தட்டிக்கொடுக்க ஆளும் இல்லை. இப்போது அவள் முடி தோளுக்குக் கீழே சுருள் சுருளாக இறங்குகிறது. அம்மா அதைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அம்மா போனதற்கு மறு வருஷம் சின்னவளுக்கு உடம்புக்கு வந்தது. எந்த வியாதி என்று வாய்விட்டுச் சொல்ல வீட்டில் எல்லோரும் பயந்தார்கள், அந்த வியாதிதான். மருந்து ஏறத் தொடங்கியதும் அந்த வழவழ முடி தலையணையோடு போயிற்று. பெரியவள் போய் அறையைக் கூட்டினாள். கூட்டிய முடியைக் குப்பையில் போட மனமில்லாமல், முறத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். சின்னவள் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மருந்து முடிந்தது. நல்ல வேளையாக, வியாதி அடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். முடி முளைத்தது. முளைத்தது வேறு முடி. சின்னவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, உன் தலை எனக்கு வந்துடுச்சு."

"என்னடி சொல்ற?"

"சுருட்டையா முளைக்குது. கண்ணாடியில பாத்தா நீ நிக்கற."

இருவரும் சிரித்தார்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சேர்ந்து சிரித்த சிரிப்பு. ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு பெரியவளுக்கு மனசு ஒரு மாதிரி இருந்தது. தங்கைக்கு முடி வந்ததில் சந்தோஷம். தன் தலை இன்னமும் அந்த வீட்டில் ஒரு வேடிக்கைதானே என்ற சின்ன வலி. இரண்டும் ஒன்றாக இருந்தன.

"கொஞ்சம் வளரட்டும், நான் வந்து எப்படிப் பாத்துக்கணும்னு காட்டறேன்" என்று அவள் அந்தப் பேச்சின்போதே சொல்லியிருந்தாள். "முடி வளக்க எனக்கா சொல்லித்தரப் போற?" என்றாள் சின்னவள். நல்ல முடியோடு பிறந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. பிறவியில் கிடைத்ததைத் தங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரியவள் அதோடு விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

முடி காதைத் தாண்டி வளர்ந்த சமயத்தில் ஒருநாள், சின்னவளின் கணவர் பட்டறைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, நாளைக்கு அவளுக்குப் பரிசோதனை. வரமாட்டேங்கறா. என்னன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்க."

பெரியவள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பேருந்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சின்னவள் தலையில் துணி கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து மடியில் போட்டாள். பை நிறைய முடி.

"மறுபடியும் கொட்டுது அக்கா. தினமும் சீப்பு நிறைய வருது."

"போன தடவை கொட்டினது மருந்தால. இப்ப மருந்து ஏது?"

"அதனாலதான் பயமா இருக்கு. மருந்தில்லாமலே கொட்டுதுன்னா உள்ள ஏதோ ஆரம்பிச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதை அவங்க வாயால வேற கேக்கணுமா? நான் போகல."

தெரிந்துவிட்ட விஷயத்தைச் சொல்வது போல அமைதியாகச் சொன்னாள். கூச்சல் போட்டிருந்தால் பெரியவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

 பெரியவள் பையை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். ஒரு வெள்ளைத் துண்டை விரித்தாள். முடி தெரிந்தது, ஆனால் அவள் தேடிய வெண்ணிற முனை வெள்ளைத் துணியில் தெரியாது. துண்டை எடுத்துவிட்டுத் தன் கறுப்புக் கைப்பையைப் படுக்கவைத்து, அதன் மேல் முடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு இரண்டு முனையையும் பார்த்தாள். நாள் முழுக்க நூலோடு கிடக்கிறவள். உருவி வந்த நூலுக்கும் அறுந்த நூலுக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பழகியிருந்தது. முக்கால்வாசியும் குட்டைத் துண்டுகள். இரண்டு பக்கமும் வெறும் முனை.

தன் தோளில் உதிர்ந்து கிடந்த ஒரு முடியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். "இங்க வா. இது என்னோடது, தானா உதிர்ந்தது. ஒரு முனையில வெள்ளையா, குட்டியா ஒண்ணு ஒட்டிட்டிருக்கா? அது வேர்ப்பக்கம். இப்ப உன்னோடதைப் பாரு."

சின்னவள் குனிந்தாள். ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். "இதுல இருக்கே" என்றாள் பதறி.

"இருக்கும். எல்லாருக்கும் தினமும் நாலு உதிரும். மத்தது?"

மற்றதில் இல்லை. சின்னவள் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். அதிலும் பெரும்பாலானவற்றில் இல்லை.

"இது உதிரலடி. உடைஞ்சிருக்கு. வேர் தலையிலயே இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் தலையில பாதி இப்படித்தான் போச்சு" என்றாள் பெரியவள். "எதால சீவற? எடுத்துட்டு வா."

சின்னவள் குளியலறையிலிருந்து கை நிறைய கொண்டுவந்தாள். புட்டிகள் எல்லாவற்றிலும் முன்பக்கம் ஒரே பேச்சு: பலம், உறுதி, இரட்டைப் பலம், புரதச் சத்து. உடம்பு விழுந்து எழுந்தவள் கடையில் தேடியிருப்பது அதைத்தான். பெரியவள் ஒரு முடியைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு விரலால் இழுத்துக் காட்டினாள். கொஞ்சம்கூட நீளாமல் பட்டென்று போயிற்று.

"பாத்தியா. பலம் பலம்னு ஏத்தி ஏத்தி விறைச்சுப்போச்சு. இதுக்கு இப்ப வேண்டியது ஈரப்பதம். வளைஞ்சு கொடுத்தா உடையாது."

அப்போதுதான் புட்டிகளுக்கு அடியில் கிடந்த சீப்பைப் பார்த்தாள். கறுப்புச் சீப்பு. ஓரத்தில் இரண்டு பல் இல்லை.

"அம்மாவோடது" என்றாள் சின்னவள். "நான் எடுத்து வச்சுக்கிட்டேன். முடி முளைச்சதுலேர்ந்து இதாலதான் சீவறேன். அம்மா சீவற மாதிரி இருக்கும்."

பெரியவளின் பிடரி தானாகவே விறைத்தது. இத்தனை வயசுக்குப் பிறகும் கழுத்துக்கு அது ஞாபகம் இருந்தது. சீப்பைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும். வா, கடைக்குப் போவோம்" என்றாள்.

பெரிய கடை. ஒரு சுவர் முழுக்கத் தலைமுடிச் சாமான்கள். எல்லாப் புட்டியிலும் காற்றில் முடி பறக்கும் பெண்கள். ஒருத்திக்குக்கூடச் சுருட்டை இல்லை. சின்னவள் துணியை இழுத்து நெற்றிவரை விட்டுக்கொண்டு நின்றாள். எந்தப் புட்டியை எடுத்தாலும் பெரியவள் வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள். "முன்னால எழுதியிருக்கறது ஆசை காட்டறதுக்கு" என்றாள். நுரை பொங்கும் என்று பெருமையடித்த ஷாம்பூவைத் திருப்பி வைத்தாள். அந்த நுரை இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் வழித்துக்கொண்டு போய்விடும் என்று அவளுக்குப் பட்டுத் தெரியும். நுரை குறைந்த ஷாம்பூ ஒன்று, தயிர் மாதிரி கெட்டியான கண்டிஷனர் ஒன்று, குளித்த பிறகு ஈரத் தலையில் தடவி அப்படியே விட்டுவிடுகிற க்ரீம் ஒன்று. கடைசியாக, விரல் நுழையும் இடைவெளி விட்ட பெரிய பல் சீப்பு.

"இவ்வளவுதானா?" என்றாள் சின்னவள், வெறுங்கையோடு அனுப்புகிறாளே என்பது போல.

"இவ்வளவுதான். இனிமே தலையை டவலால போட்டுத் தேய்க்காத. பழைய பனியனால அமுக்கு. தலையணைக்கு வழுவழுன்னு ஒரு உறை தச்சுத் தரேன், பட்டறையில துண்டுத்துணி கிடக்கு."

வீட்டுக்கு வந்து, குளியலறையில் முக்காலியைப் போட்டுத் தங்கையை உட்காரவைத்தாள். துணியை அவிழ்த்தாள். ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாக, காய்ந்து, சிடுக்குப் பிடித்துக் கிடந்தது. நனைத்து, அலசி, கண்டிஷனரை வழிய வழியப் பூசினாள். ஒரு சுருளை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியில் மட்டும் சீப்பை விட்டாள். நுனி விட்டது. கொஞ்சம் மேலே. அதுவும் விட்டது.

சின்னவள் தோளைத் தூக்கி, கழுத்தை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். இழுப்புக்காகக் காத்திருந்தாள். இழுப்பு வரவே இல்லை. பாதித் தலை முடிந்த பிறகுதான் தோள் இறங்கிற்று.

"வலிக்கவே இல்லையே" என்றாள்.

பெரியவள் அடுத்த சுருளைப் பிரித்தாள். எல்லாம் முடிந்து பனியனால் அமுக்கித் துடைக்கும்போது சொன்னாள்: "இங்க பாரு. முடி உடையறது எனக்குத் தெரியும். அதை நம்பலாம். உள்ள என்ன இருக்கு, என்ன இல்லைன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட நாளைக்குப் போவோம். நான் கூட இருக்கேன்."

 சின்னவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் போனார்கள். சின்னவளின் கணவர் படியில் நின்றுகொண்டார், அவருக்கு உள்ளே உட்கார முடியவில்லை. அக்காவும் தங்கையும் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். கூப்பிட்டபோது சின்னவள் தலைத்துணியை அவிழ்த்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெரியவள் அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அந்த நேரம் அவள் எதை வேண்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

சின்னவள் வெளியே வந்தாள். "ஒண்ணும் இல்லையாம்" என்றாள்.  "இப்போதைக்கு ஒண்ணும் இல்லையாம் அக்கா."

கணவர் பணம் கட்ட நின்றுவிட, இருவரும் முன்னால் கிளம்பிப் பேருந்து ஏறினார்கள். ஜன்னல் காற்றில் சின்னவளின் சுருள்கள் கலைந்தன.  நெடுந்தூரம் போன பிறகு அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்தச் சீப்பால அம்மா சீவினப்ப எல்லாம் உனக்கு வலிச்சுதா?"

தங்கையின் தலைமுடி கொட்டிய நாளில்கூட அழாதவள் பெரியவள். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்த்ததும் இல்லை.

"வலிச்சுதுடி" என்றாள். "ரொம்ப வலிச்சுது." அதற்கு மேல் பேச முடியாமல், கையிலிருந்த தலைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சின்னவள் ஜன்னலைச் சாத்திவிட்டு அவளோடு ஒட்டி உட்கார்ந்தாள்.